புற்றுநோயை உண்டாக்கும் வேதிப்பொருளும் ஒட்டுண்ணியை எதிர்க்கும் ஆற்றலும்: கொங்குப் பகுதியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கால்நடை மருத்துவனாகப் பல்லடம், நாமக்கல், காங்கயம் பக்கத்துப் பண்ணைகளையும் பட்டிகளையும் பார்த்துவரும் எனக்கு, ஒரே ஐயம் பல வடிவங்களில் கேள்வியாக வந்துகொண்டிருக்கிறது. ‘மருந்து கொடுத்தும் கோழிக்கு இரத்தக்கழிச்சல் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?’ என்று ஒருவர் கேட்கிறார். ‘பூசணம் பூத்த புண்ணாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்கிறார்கள், அதற்கும் மாட்டின் வயிற்றுப் புழுவுக்கும் தொடர்பு உண்டா?’ என்று இன்னொருவர் கேட்கிறார். சாயப்பட்டறையில் இருபது ஆண்டுகள் நின்று வேலை செய்தவர், தம் உடம்பின் எதிர்ப்புச்சக்தி போய்விட்டதா என்று கேட்கிறார். அவர்களுக்குச் சொன்ன விடைகளை இங்கே விரிவாக எழுதியிருக்கிறேன்.

புற்றூக்கி என்று எதைச் சொல்கிறோம்?

உடலின் அணுக்களை (செல்களை)க் காலப்போக்கில் புற்றுநோய் அணுக்களாக மாற்றக்கூடிய பொருளைப் புற்றூக்கி என்கிறோம். லண்டனில் புகைபோக்கி துடைக்கும் சிறுவர்களுக்குப் பின்னாளில் விதைப்பையில் வரும் புற்றுநோய்க்குக் புகைக்கரியே காரணம் என்று பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் 1775-இல் எழுதினார். அனிலின் சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வருவதை 1895-இல் லுட்விக் ரேன் என்ற ஜெர்மானிய மருத்துவர் எடுத்துக்காட்டினார். ஜப்பானில் யமாகிவாவும் இச்சிகாவாவும் முயலின் காதில் நிலக்கரித் தாரைத் திரும்பத் திரும்பத் தடவி, 1915-இல், வேதிப்பொருளால் புற்றுநோயை ஆய்வகத்திலேயே உருவாக்க முடியும் என்று மெய்ப்பித்தார்கள்.

நம் பகுதியில் மனிதரும் கால்நடையும் எதிர்கொள்ளக்கூடியவை என்று பார்த்தால், பூசணம் பிடித்த கடலையிலும் மக்காச்சோளத்திலும் உண்டாகும் அஃப்ளாடாக்சின், விறகுப் புகையிலும் பீடிப் புகையிலும் உள்ள பென்சோபைரீன், பெட்ரோலில் உள்ள பென்சீன், சிலவகைப் பழைய சாயங்களிலிருந்து பிரியும் பென்சிடின், தோல் பதனிடும் தொழிலோடு பேசப்படும் ஆறிணைதிறக் குரோமியம் ஆகியவை முதலில் நினைவுக்கு வருகின்றன. இவை அனைத்தையும் உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது உறுதியான முதல் தொகுதியில் வைத்திருக்கிறது.

புற்றுநோய் வருவதற்கு ஆண்டுகள் ஆகும். ஒட்டுண்ணித் தொற்று சில நாளில் வருகிறது. இரண்டும் எங்கே சந்திக்கின்றன?

நோய் எதிர்ப்பு அணுக்களில் சந்திக்கின்றன. புற்றூக்கிகள் பலவும் அணுவின் மரபுப்பொருளில் ஒட்டிக்கொண்டு அதைச் சிதைப்பவை. விரைந்து பெருகும் அணுக்களையே இந்தச் சிதைவு முதலில் வீழ்த்தும். உடலில் மிக விரைந்து பெருகுபவற்றுள் எலும்பு மஜ்ஜையின் அணுக்களும், தொற்றைக் கண்டவுடன் ஒன்று ஆயிரமாகப் பெருகவேண்டிய வெள்ளணுக்களும் அடங்கும். ஆகவே ஒரு புற்றூக்கி உடலில் சேரும்போது, கட்டி தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே, எதிர்ப்பாற்றலில் ஓட்டை விழக்கூடும். அந்த ஓட்டை வழியாக முதலில் நுழைபவற்றுள் ஒட்டுண்ணியும் ஒன்று.

புற்றூக்கி என்றதும் நம் கவனம் முழுவதும் புற்றுநோய்க்கே போய்விடுகிறது. அதே பொருள் இன்றைக்கே, இந்த மாதமே, கோழியின் குடலிலும் கன்றின் இரத்தத்திலும் செய்துகொண்டிருக்கக்கூடிய வேலையை நாம் பார்ப்பதில்லை. இந்தப் பக்கத்தை எழுத என்னைத் தூண்டியது இந்தக் குறைதான்.

உடல் ஒட்டுண்ணியை எப்படி எதிர்க்கிறது?

இரண்டு வகையாக எதிர்க்கிறது. மலேரியாக் கிருமியைப் போலவும், கோழிக் குடலின் ஐமீரியாவைப் போலவும் அணுக்குள் புகுந்து வாழும் ஓரணு உயிரிகளுக்கு எதிராக, டி அணுக்கள் என்னும் வெள்ளணுக்கள் காமா இன்டர்ஃபெரான் என்னும் சுரப்பை வெளியிட்டு, விழுங்கணுக்களைத் தூண்டிக் கொல்லவைக்கின்றன. புழு பெரியது, அதை எந்த அணுவாலும் விழுங்க முடியாது. அங்கே ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருளும், ஈசினோஃபில் என்னும் வெள்ளணுவும், குடற்சுவரில் இருக்கும் மாஸ்ட் அணுக்களும் சேர்ந்து, சளியைப் பெருக்கிக் குடலை முறுக்கிப் புழுவை வெளியே தள்ளப் பார்க்கின்றன. இரண்டு வழிக்கும் தலைமை தாங்குபவை டி அணுக்களே என்பதால், அவற்றைத் தாக்கும் எந்த நஞ்சும் இரண்டு வாயிலையும் ஒருசேரத் தளர்த்திவிட முடியும்.

இதை உண்மையில் யாராவது சோதித்துப் பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள். புற்றூக்கி கொடுக்கப்பட்ட சுண்டெலிகளின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் குறைவாகவே உருவாகிறது என்பது 1952-இலேயே அச்சில் வந்துவிட்டது. 1983-இல் அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வை நான் எப்போதும் எடுத்துச் சொல்வேன். பென்சோ-ஏ-பைரீன், பென்சோ-இ-பைரீன் என்று இரண்டு பொருள்கள் உண்டு. இரண்டிலும் அதே வேதித் தனிமங்களின் அணுக்கள், அதே எண்ணிக்கையில் இருக்கின்றன. வளையங்கள் இணைந்திருக்கும் விதம் மட்டும் வேறு. முதலாவது வலுவான புற்றூக்கி, மற்றது அப்படிப்பட்டதன்று. சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, புற்றூக்கியான உடன்பிறப்பு மட்டுமே எதிர்ப்பொருள் உருவாவதைக் குறைத்தது. புற்றை உண்டாக்கும் தன்மையும் எதிர்ப்பாற்றலைக் குலைக்கும் தன்மையும் பல நேரங்களில் ஒரே வேரிலிருந்து கிளைக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

எதிர்ப்பொருள் குறைந்தது என்று சொல்வது வேறு, தொற்று கூடியது என்று காட்டுவது வேறு. அதற்காக ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்த ஒட்டுண்ணிகளில் ஒன்று டிரைக்கினெல்லா என்னும் உருண்டைப்புழு. இதன் இளம்புழுக்களைச் சுண்டெலிக்கு ஊட்டினால், சிறுகுடலில் அவை முதிர்ந்து குட்டியீனும். குட்டிப்புழுக்கள் இரத்தத்தின் வழியே தசைக்குள் சென்று சுருண்டுகொள்ளும். நலமான சுண்டெலி ஏறத்தாழ இரண்டு வாரத்தில் முதிர்ந்த புழுக்களைக் குடலிலிருந்து வெளியேற்றிவிடும். ஆகவே குடலில் மிஞ்சிய முதிர்புழு எத்தனை, தசையில் சேர்ந்த குட்டிப்புழு எத்தனை என்று இரண்டையும் எண்ணினாலே அந்த விலங்கின் எதிர்ப்பாற்றலை அளந்துவிடலாம். டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்பது ஒரு செயற்கை இயக்குநீர். கருவுற்ற பெண்களுக்கு ஒருகாலத்தில் கொடுக்கப்பட்டு, அவர்கள் பெற்ற பெண்பிள்ளைகளுக்குப் புற்றுநோயை உண்டாக்கியது 1971-இல் வெளிப்பட்டது. அதே மருந்தைப் பெற்ற சுண்டெலிகளில் புழுக்கள் குடலைவிட்டு நீங்கத் தாமதமானதும், தசையில் குட்டிப்புழு கூடியதும் 1984-இல் வெளியான ஆய்வில் பதிவாயின. டையாக்சின் என்ற புற்றூக்கியைக் கொடுத்த சுண்டெலிகளிலும் இந்தப் புழுவின் வெளியேற்றம் தாமதப்பட்டது.

இவற்றின் பயன் ஆய்வகத்தோடு நிற்கவில்லை. ஒரு புதிய வேதிப்பொருள் எதிர்ப்பாற்றலைக் கெடுக்குமா என்று அறிய அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 1988-இல் வெளியிட்ட சோதனைத் தொகுப்பில், சுண்டெலிகளைத் தாக்கும் மலேரியாக் கிருமி ஒன்றை அவை எவ்வளவு எதிர்க்கின்றன என்பதும் ஓர் அளவுகோலாக இடம்பெற்றது.

அப்படியானால் புற்றூக்கி பட்ட எந்த உயிருக்கும் ஒட்டுண்ணித் தொற்று கூடியே தீருமா?

அப்படிச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. எதிர்ப்பாற்றலில் கையிருப்பு என்று ஒன்று உண்டு. சிறிதளவு குறைந்தால் மற்ற வழிகள் அதை ஈடுகட்டிவிடும். உள்ளே வந்த ஒட்டுண்ணியின் எண்ணிக்கை குறைவாக இருந்தால் ஓரளவு தளர்ந்த உடலும் சமாளிக்கும். எண்ணிக்கை மிகுந்தால் நலமான உடலும் தோற்கும். இரண்டுக்கும் நடுவே, தொற்று மிதமாகவும் எதிர்ப்பு ஓரளவு தளர்ந்தும் இருக்கும் நிலையில்தான் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்.

திசைமாறிய முடிவுகளும் உண்டு. லீஷ்மேனியா என்ற ஓரணு ஒட்டுண்ணியைச் சுண்டெலிக்குச் செலுத்திய ஓர் ஆய்வில், டையாக்சின் பெற்றவற்றில் ஒட்டுண்ணிச் சுமை கூடுவதற்கு மாறாகக் குறைந்திருந்தது. நஞ்சு எதிர்ப்பாற்றலின் ஒரு கையைக் கட்டும்போது மற்றொரு கை ஓங்கிவிடுவதும் நடக்கும் என்பதால், எந்த நஞ்சு, எந்த அளவில், எந்த ஒட்டுண்ணிக்கு முன் என்ற மூன்றையும் சேர்த்தே பேசவேண்டும்.

கொங்குப் பகுதியில் இதில் நாம் அதிகம் கவலைப்படவேண்டிய பொருள் எது?

என் கருத்தில் அஃப்ளாடாக்சின்தான். ஆலைப்புகை, சாயக்கழிவு ஆகியவற்றைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். களத்திலும் குடோனிலும் நம் கையாலேயே வளரவிடும் இந்த நஞ்சைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பச்சை மஞ்சள் நிறப் பூசணம் கடலையிலும் மக்காச்சோளத்திலும் பருத்திக்கொட்டையிலும் கொப்பரையிலும் வளர்ந்து இதைச் சுரக்கிறது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்துவிழுந்தபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கைத் தோண்டித்துருவியே இந்த நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். 1974-இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப்புறக் கிராமங்களில் மழையில் நனைந்த மக்காச்சோளத்தை உண்டவர்களுக்குக் கல்லீரல் நோய் பரவி, 106 பேர் இறந்தார்கள். இரண்டு நிகழ்ச்சியிலும் வில்லனாக இருந்தவை நம் தீவனக் கிடங்கில் அன்றாடம் இருக்கும் அதே கடலையும் அதே மக்காச்சோளமும்தான்.

இந்த நஞ்சு உடலுக்குள் போனதும் கல்லீரல் அதை மாற்றியமைக்க முயல்கிறது. அந்த முயற்சியில் உருவாகும் இடைப்பொருள் மரபுப்பொருளோடு ஒட்டிக்கொள்கிறது. கல்லீரல் புற்றுநோய்க்கு அதுவே தொடக்கம். ஆனால் அதற்கு முன்பே அணுக்களில் புரதம் உருவாவது தடைப்படுகிறது. எதிர்ப்பாற்றலுக்குத் துணைநிற்கும் காம்ப்ளிமென்ட் புரதங்களைப் பெரும்பாலும் உருவாக்குவது கல்லீரல். கோழியில் எதிர்ப்பு அணுக்களுக்குப் பள்ளிக்கூடங்களாக இருப்பவை கழுத்திலுள்ள தைமஸும் ஆசனவாய்க்கு அருகிலுள்ள பர்சாவும். அஃப்ளாடாக்சின் உண்ட குஞ்சுகளில் இவை இரண்டும் சுருங்குகின்றன. விழுங்கணுக்களின் விழுங்கும் திறனும் குறைகிறது. இராணிக்கெட் நோய்க்குத் தடுப்பூசி போட்டும் பலன் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதைப் பண்ணையாளர்கள் அறிவார்கள்.

பண்ணையில் ‘காக்சி’ என்னும் இரத்தக்கழிச்சல் அடங்காமல் வருவதற்குப் பூசணத் தீவனம் காரணமாக இருக்குமா?

இருக்கலாம். இங்கே நேரடியான சான்றே இருக்கிறது. சேவல் குஞ்சுகளுக்கு அஃப்ளாடாக்சினைக் கொடுத்து, அவை குருட்டுக்குடல் இரத்தக்கழிச்சலையும் மாரெக் என்ற வைரஸ் நோயையும் எதிர்க்கும் ஆற்றல் என்னவாகிறது என்று ஆராய்ந்த கட்டுரை 1973-இல் வெளியானது. எதிர்ப்பு குறைந்தது என்பதே அதன் முடிவு. ஈராண்டுகள் கழித்து, கறிக்கோழிக் குஞ்சுகளில் அஃப்ளாடாக்சினும் ஐமீரியாத் தொற்றும் அதற்குக் கொடுக்கும் மோனென்சின் மருந்தும் ஒன்றோடொன்று எப்படி வினைபுரிகின்றன என்று வேறொரு குழுவினர் பார்த்தார்கள். அதாவது இன்று பல்லடத்துப் பண்ணையாளர் கேட்கும் கேள்வியை ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஆய்வாளர்கள் கேட்டிருக்கிறார்கள்.

இந்த நோயின் போக்கைத் தெரிந்துகொண்டால் தொடர்பு விளங்கும். இதை உண்டாக்கும் ஐமீரியாவின் முட்டைக்கூடுகள் எச்சத்தில் வெளியேறி, ஈரமான லிட்டரில் (கொட்டகைத் தரையில் பரப்பிய படுக்கையில்) ஓரிரு நாளில் முதிர்ந்து, கோழி கொத்தும்போது மீண்டும் வயிற்றுக்குள் போகின்றன. குறைந்த எண்ணிக்கையில் போனால் கோழிக்கு நோய் வராமல் எதிர்ப்பு மட்டும் உருவாகும். ஒரு பண்ணை நலமாக ஓடுகிறது என்றால் அங்கே ஐமீரியா இல்லை என்று பொருளன்று. கோழியும் ஐமீரியாவும் ஒரு சமநிலையில் இருக்கின்றன என்றே பொருள். தீவனத்தில் நஞ்சு சேரும்போது குஞ்சு எதிர்ப்பை வளர்த்துக்கொள்ளும் வேகம் குறைந்து, அந்தச் சமநிலை கவிழ்கிறது. மருந்தின் அளவைக் கூட்டினாலும், மருந்தை மாற்றினாலும், அடித்தளம் சரியாகாததால் நோய் திரும்ப எட்டிப்பார்க்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கறிக்கோழிப் பண்ணையில் அடுத்தடுத்து மூன்று தொகுதியிலும் மூன்றாம் நான்காம் வாரத்தில் இரத்தக்கழிச்சல் கண்டது. நான் லிட்டரைப் பார்த்தேன், தண்ணீர் நிப்பிளைப் பார்த்தேன், மருந்தை மாற்றினேன். இறந்த குஞ்சை அறுத்தபோது கல்லீரல் வெளிறி மஞ்சளித்திருந்ததையும் பர்சா சிறுத்திருந்ததையும் கண்ட பிறகே தீவன மூட்டையைக் கேட்கத் தோன்றியது. மழைக்காலத்தில் இறக்கிய மக்காச்சோளம் அடிமூட்டைகளில் கட்டிபிடித்திருந்தது. அதை ஒதுக்கியபின் அடுத்த தொகுதி நலமாக வந்தது. ஒதுக்கும் முன் ஒரு பிடியை ஆய்வகத்துக்கு அனுப்பாமல் விட்டேன் என்பதால், நஞ்சுதான் காரணம் என்று என்னால் இன்றும் அறுதியிட முடியாது. முதல் தொகுதியிலேயே தீவனத்தைக் கேட்டிருக்கவேண்டும் என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது. அதனால்தான் இப்போது எந்தப் பண்ணைக்குப் போனாலும் மருந்துச் சீட்டு எழுதும் முன் தீவனக் கிடங்கைத் திறக்கச் சொல்கிறேன்.

ஆடு மாடுகளுக்கும் இது பொருந்துமா?

ஓரளவு பொருந்தும். அசைபோடும் விலங்குகளின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் நஞ்சின் ஒரு பகுதியைச் சிதைத்துவிடுவதால், வளர்ந்த மாடு கோழியைவிடத் தாங்கும். கன்றுகளுக்கு அந்த வசதி இன்னும் உருவாகியிராது.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப்புல் மேய்ந்து வளரும் மேச்சேரி ஆட்டுக்கோ காங்கயம் கன்றுக்கோ வயிற்றுப்புழு வந்தால், புற்றூக்கியைத் தேடிக்கொண்டு போகவேண்டியதில்லை. மழைக்குப்பின் புல்லில் ஏறும் இளம்புழு, ஒரே இடத்தில் நெருக்கி மேய்ப்பது, ஒரே புழுநீக்க மருந்தை ஆண்டுக்கணக்கில் கொடுத்து அதற்குப் பழகிப்போன புழு ஆகியவையே பெரும்பாலும் காரணம். இரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் புழு ஏறிய ஆட்டின் கீழிமையை விலக்கிப் பார்த்தால் சிவப்பு மங்கி வெள்ளையாக இருக்கும், தாடைக்கடியில் நீர்கோத்திருக்கும். முதலில் சாணத்தைச் சோதித்து, தக்க மருந்தைச் சரியான எடைக்குக் கொடுக்கவேண்டும். இதெல்லாம் சரியாகச் செய்தும் ஒரே கொட்டகையில், ஒரே புண்ணாக்கைத் தின்பவை மட்டும் தேறவில்லை என்றால், அப்போது புண்ணாக்கைச் சந்தேகிக்கலாம்.

மனிதர்களுக்கு? நம் பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரை கொடுத்தும் வயிற்றுப்பூச்சி வருவதற்கு இது காரணமா?

மனிதரில் சான்று இருக்கிறது, ஆனால் அது பாதிவழியில் நிற்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் அஃப்ளாடாக்சின் மிகுதியாகச் சேர்ந்த குழந்தைகளின் உமிழ்நீரில் ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் குறைந்திருந்ததை 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. கானாவில் நஞ்சு மிகுந்தவர்களின் வெள்ளணுக்களில் முனைப்புள்ளவை குறைந்திருந்தது 2005-இல் பதிவாகியது. காம்பியாவிலேயே, மலேரியாக் கிருமி இரத்தத்தில் இருந்த குழந்தைகளிடம் இந்த நஞ்சின் அடையாளம் சற்றுக் கூடுதலாக இருந்ததும் பதிவாகியிருக்கிறது. ஆனால் நஞ்சு மலேரியாவுக்கு வழிவிட்டதா, மலேரியாவால் தளர்ந்த கல்லீரல் நஞ்சை வெளியேற்றத் தவறியதா என்பதை அதைக்கொண்டு பிரித்தறிய முடியாது.

பிள்ளைகளுக்குப் பூச்சி திரும்ப வருவதற்கு எளிய காரணம் உண்டு. 2015 முதல் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் தேசியக் குடற்புழு நீக்க நாளில் கொடுக்கப்படும் அல்பெண்டசோல் உள்ளிருக்கும் புழுவைக் கொல்லும். அடுத்த முறை மண்ணிலிருந்து வருவதைத் தடுக்காது. செருப்பு, கழிப்பறை, கைகழுவுதல் ஆகிய மூன்றும் அந்த வேலையைச் செய்யவேண்டும். அவற்றை விட்டுவிட்டு வேதிப்பொருளைக் குற்றம் சொல்வது குழந்தைக்கு உதவாது.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் மனிதருக்கான எச்சரிக்கை மிகத் தெளிவானது. புற்றுநோய்க்கும் மூட்டு நோய்களுக்கும் கொடுக்கப்படும் சைக்ளோஃபாஸ்ஃபமைடு, உறுப்பு மாற்றியவர்களுக்குக் கொடுக்கப்படும் அசாதயோபிரின் ஆகியவை உயிர்காக்கும் மருந்துகள். அவையும் முதல் தொகுதிப் புற்றூக்கிகளே, எதிர்ப்பாற்றலைக் குறைப்பவையே. இவற்றோடு ஸ்டீராய்டும் சேரும்போது, பல ஆண்டுகளாகக் குடலில் அமைதியாக இருந்த ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற நூல்போன்ற புழு கட்டின்றிப் பெருகி, நுரையீரல்வரை பரவி உயிரைப் பறிக்கக்கூடும். வெறுங்காலில் வயலில் வேலை செய்த ஒருவருக்கு இத்தகைய சிகிச்சை தொடங்கும் முன், தாம் மண்ணில் வேலை செய்தவர் என்பதை மருத்துவரிடம் சொல்லி, இந்தப் புழுவுக்கான சோதனை தேவையா என்று கேட்பது நல்லது. மருந்தைத் தாமாக நிறுத்துவது பெரும் தவறு.

சாயப்பட்டறையில் வேலை செய்தவர்களைப் பற்றி என்ன சொல்லலாம்?

பென்சிடின் கொடுத்த சுண்டெலிகளில் வெள்ளணுக்களின் செயல்பாடு குறைந்ததை 1985-இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது. பென்சிடினை அடிப்படையாகக் கொண்ட 42 சாயங்களை இந்தியா முதலில் தடைசெய்தது. தீங்கான அமீன்களைப் பிரிக்கும் 70 அசோ சாயங்கள் 1997-இல் தடைசெய்யப்பட்டன. ஐரோப்பாவுக்கு அனுப்பும் பின்னலாடையில் இவை இருக்கக்கூடாது என்ற கட்டாயமும் சேர்ந்ததால், திருப்பூரில் இவற்றின் பயன்பாடு வெகுவாக மாறியது. அதற்கு முன்பு சாயத்தூளைக் கையால் அள்ளிக் கரைத்த தலைமுறை இன்று முதுமையில் இருக்கிறது. அவர்கள் முதலில் கவனிக்கவேண்டியது வயிற்றுப்புழுவையன்று. வலியில்லாமல் சிறுநீரில் இரத்தம் போனால், ஒருமுறை போய் நின்றுவிட்டாலும், உடனே மருத்துவரைப் பார்க்கவேண்டும்.

நொய்யல் ஆற்றைப் பற்றியும் கேட்கிறார்கள். ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயக்கழிவு நீர் விளைநிலங்களைக் கெடுத்ததும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதும் நாம் கண்டவை. அந்த நீரில் மிக வெளிப்படையாக இருந்த கேடு உப்பு. உப்பேறிய கிணற்று நீரைக் குடித்த மாடு மெலிந்தால், அதைப் புற்றூக்கியின் கணக்கில் எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. பட்ட துன்பம் உண்மை. அதற்கான காரணத்தைச் சரியாகப் பெயரிடுவதே அந்த உழவர்களுக்கு நாம் செய்யும் நேர்மை.

வறுத்தாலோ வேகவைத்தாலோ அஃப்ளாடாக்சின் போய்விடுமா?

பெரும்பகுதி போகாது. சமையல் சூட்டைத் தாங்கக்கூடிய நஞ்சு அது. கடலையை ஆட்டும்போது நஞ்சின் பெரும்பங்கு புண்ணாக்கில் தங்குகிறது. சுத்திகரிக்காத செக்கு எண்ணெயிலும் சிறிதளவு வரும் என்பதால், ஆட்டுவதற்கு முன் சுருங்கிய, நிறம்மாறிய, ஓட்டையான பருப்பைப் பொறுக்கி எறிவதில் சோம்பல் கூடாது. பொறுக்கியதை ‘வீணாகிறதே’ என்று கோழிக்குப் போடுவது, நஞ்சைச் சேர்த்துவைத்து ஊட்டுவதற்குச் சமம்.

மஞ்சள் கலந்த பால் பாதுகாக்குமா?

ஈரோட்டு மஞ்சளின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆயினும் அதில் உள்ள குர்க்குமின் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. கெட்ட தீவனத்துக்கோ கெட்ட கடலைக்கோ அதை மாற்றாகக் கொள்ள முடியாது.

ஒட்டுண்ணியே புற்றுநோயை உண்டாக்குவதும் உண்டா?

உண்டு. தாய்லாந்தில் பச்சை மீன் உண்பவர்களின் பித்தக்குழாயில் வாழும் ஈரல் தட்டைப்புழுவும், எகிப்து முதலிய நாடுகளில் சிறுநீர்ப்பை நாளங்களில் வாழும் ஷிஸ்டோசோமா புழுவும் முதல் தொகுதிப் புற்றூக்கிகளாகவே பட்டியலிடப்பட்டிருக்கின்றன. வெள்ளெலிகளுக்கு ஈரல் தட்டைப்புழுவை ஏற்றி, கூடவே நைட்ரோசமீன் என்ற புற்றூக்கியைச் சிறிதளவு கொடுத்தபோது பித்தக்குழாய்ப் புற்றுநோய் உருவானது. புழுவும் நஞ்சும் தனித்தனியே செய்வதைவிடச் சேர்ந்து செய்யும் கேடு பெரிது என்பதால்தான், இரண்டையும் இருவேறு துறையாகப் பிரித்துவைத்துப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

வீட்டிலும் பண்ணையிலும் உடனடியாக என்ன செய்யலாம்?

ஈரத்தைக் கட்டுப்படுத்துவதே பாதி வேலை. மக்காச்சோளத்தில் ஈரம் 13 சதவீதத்துக்கும், தோலோடு கூடிய கடலையில் 8 சதவீதத்துக்கும் மேல் இல்லாதபடி காயவைக்கவேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் களத்தில் நனைந்ததை ‘வெயில் வந்தால் காய்ந்துவிடும்’ என்று குவித்துவைத்தால், மேலே காயும், உள்ளே பூக்கும். மூட்டையைத் தரையில் படாமல் மரச்சட்டத்தின்மேல், சுவரை ஒட்டாமல் அடுக்கவேண்டும். பழைய சரக்கை முதலில் எடுக்கவேண்டும். பூசணம் கண்ணுக்குத் தெரியாத மூட்டையிலும் நஞ்சு இருக்கலாம் என்பதால், பெரிய அளவில் வாங்குபவர்கள் பல மூட்டைகளிலிருந்து எடுத்துக் கலந்த மாதிரியைத் தீவன ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கவேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் அதற்கான வசதி இருக்கிறது. ஒரு மூட்டையின் மேல்பகுதியில் மட்டும் அள்ளிய பிடி பொய்ச்சான்று சொல்லும், ஏனெனில் நஞ்சு சரக்கு முழுவதும் ஒரேசீராகப் பரவியிருப்பதில்லை.

‘டாக்சின் பைண்டர்’ என்று விற்கப்படுபவற்றில் பென்டோனைட் போன்ற களிமண் வகைகள் அஃப்ளாடாக்சினைக் குடலில் பிடித்து எச்சத்தோடு வெளியேற்ற உதவுகின்றன. அது துணைதான், கெட்ட தீவனத்தைக் கலப்பதற்கு அனுமதிச் சீட்டன்று.

கறவை மாட்டுக்குக் கெட்ட புண்ணாக்கு போனால், ஓரிரு நாளிலேயே அஃப்ளாடாக்சினின் மாற்றுவடிவமான எம்1 பாலில் இறங்கிவிடும். பாலில் அது கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு விதி. புண்ணாக்கை நிறுத்தினால் சில நாள்களில் பால் தெளிந்துவிடும். எதிர்ப்பாற்றல் அவ்வளவு விரைவில் திரும்பாது. கோழியில் நஞ்சு நின்றபின் வந்த அடுத்த தொகுதியைக் கொண்டே பலனை மதிப்பிடவேண்டும், கன்றுக்குச் சாணச் சோதனையை மாதம் ஒருமுறையாக இரண்டு மூன்று முறை செய்து, புழுமுட்டையின் எண்ணிக்கை இறங்குகிறதா என்று குறித்துவைக்கவேண்டும். சோதனைக்குக் கொண்டுவரும் சாணத்தைக் காலையில், தரையில் விழும் முன் ஆசனவாயிலிருந்தே எடுத்து, மூடியுள்ள சிறு டப்பாவில் வைத்து, அன்றைக்கே கொண்டுவாருங்கள். கூடவே அந்த மாடு தின்னும் தீவனத்தில் இரண்டு கைப்பிடியும் தனிப்பையில் வரட்டும்.